காட்டேரிக்குப் பக்கத்தில் நின்ற டாக்டர்: பைரன் பெயரில் வெளிவந்த கதையை உண்மையில் எழுதியவர் யார்?

ரத்தக் காட்டேரி என்றதும் உங்கள் மனதில் வரும் உருவம் என்ன?

வெளிறிய முகம், கறுப்பு கோட்டு, பணக்கார வீட்டுத் தோரணை. கூட்டத்துக்குள் நுழைந்தால் எல்லோரும் திரும்பிப் பார்க்கிற ஓர் ஈர்ப்பு. பயமாகவும் இருக்கும், பார்வையை எடுக்கவும் முடியாது. ‘டிராகுலா’ படங்கள் முதல் ‘ட்வைலைட்’ வரை இந்த உருவம்தான் வேறு வேறு உடையில் வந்துகொண்டிருக்கிறது.

இதைக் கண்டுபிடித்தவர் யார் என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் பிராம் ஸ்டோக்கர் என்பார்கள். ஆனால் ஸ்டோக்கரின் ‘டிராகுலா’ நாவல் வந்தது 1897-ல். அதற்கு 78 ஆண்டுகளுக்கு முன்பே, 1819-ல், ஒரு சின்னக் கதை வந்துவிட்டது. பெயர் ‘தி வேம்பயர்’. கோட்டு போட்ட காட்டேரி ஆங்கில உரைநடையில் முதன்முதலாக முழு உருவம் எடுத்தது அந்தக் கதையில்தான்.

அதை எழுதியவர் ஓர் இளம் டாக்டர். பெயர் ஜான் வில்லியம் போலிடோரி. ஆனால் கதை அச்சில் வந்தபோது அதன் தலைப்புக்குக் கீழே இருந்தது அவர் பெயர் இல்லை, அவருடைய பழைய முதலாளியின் பெயர். அந்த முதலாளியைப் பார்த்துதான் அவர் காட்டேரியையே உருவாக்கியிருந்தார்!

இந்தக் கதையைப் பைரன் பக்கத்திலிருந்தும் ஷெல்லி பக்கத்திலிருந்தும் நிறைய பேர் சொல்லியிருக்கிறார்கள். அதே அறையில் ஓரமாக உட்கார்ந்திருந்த டாக்டரின் பக்கத்திலிருந்து பார்த்தால் எப்படி இருக்கும்?

யார் இந்த போலிடோரி?

1795 செப்டம்பர் 7-ம் தேதி லண்டனில் பிறந்தவர். அப்பா காயேத்தானோ போலிடோரி இத்தாலியிலிருந்து வந்து குடியேறிய இலக்கிய அறிஞர், மொழிபெயர்ப்பாளர். அம்மா இங்கிலாந்துக்காரர். வீட்டில் மூத்த மகன் ஜான். அதனால் எதிர்பார்ப்பும் அவர் தலையில்தான்.

யார்க்ஷயரில் கத்தோலிக்கத் துறவிகள் நடத்திய ஆம்பிள்ஃபோர்த் பள்ளியில் படித்தார். பிறகு எடின்பரோ பல்கலைக்கழகத்தில் மருத்துவம். 1815 ஆகஸ்டில் பட்டம் வாங்கியபோது அவருக்கு வயது 19 தான். தூக்கத்தில் நடக்கும் வியாதியைத்தான் ஆய்வேட்டுக்குத் தலைப்பாக எடுத்திருந்தார். உடம்பு ஒரு பக்கம், நினைவு ஒரு பக்கம் போகிற நிலை. பின்னாளில் அவர் எழுதிய கதைக்கும் இதற்கும் ரொம்ப தூரம் இல்லை.

படிப்பு முடிந்தது. ஆனால் உடனே தொழில் செய்ய முடியவில்லை. லண்டனில் மருத்துவராக உரிமம் பெற 26 வயது ஆகியிருக்க வேண்டும் என்பது அன்றைய விதி. கையில் பட்டம் இருக்கு, போர்டு மாட்ட வழி இல்லை. இந்த 26 என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பைரனிடம் வேலைக்குப் போனது எப்படி?

அப்போது இங்கிலாந்திலேயே அதிகம் பேசப்பட்ட கவிஞர் லார்ட் பைரன். இன்றைய சினிமா நட்சத்திரத்துக்கு இருக்கும் புகழ் அவருக்கு இருந்தது. 1814-ல் அவர் வெளியிட்ட ‘தி கோர்சேர்’ என்ற நெடுங்கவிதை முதல் நாளிலேயே 10,000 பிரதிகள் விற்றது.

ஆனால் 1816-ல் நிலைமை தலைகீழ். மனைவி பிரிந்து போய்விட்டார். கடன்காரர்கள் வாசலில் நின்றார்கள். ஊர் முழுக்க அவரைப் பற்றி வதந்தி. நாட்டைவிட்டே போய்விடுவது என்று முடிவெடுத்தார் பைரன். கூடவே வர ஒரு டாக்டர் தேவைப்பட்டார். அந்த வேலை 20 வயது போலிடோரிக்குக் கிடைத்தது.

இதற்குள் இன்னொரு சேதி. பைரனின் பதிப்பாளர் ஜான் மரே, இந்தப் பயணத்தைப் பற்றி நாட்குறிப்பு எழுதிக் கொடுத்தால் 500 பவுண்டு தருவதாக போலிடோரியிடம் சொல்லியிருந்தார். அந்தக் காலத்தில் அது பெரிய தொகை. யோசித்துப் பார்த்தால் ஆரம்பத்திலேயே சிக்கல் இருப்பது தெரியும். சம்பளம் டாக்டர் வேலைக்கு. ஆனால் மதிப்பு, பைரன் என்ன சாப்பிட்டார், யாரைப் பார்த்தார் என்று எழுதி வைப்பதற்கு. போலிடோரிக்கோ தானே ஒரு எழுத்தாளராக வேண்டும் என்பதுதான் ஆசை. அவர் கையில் சொந்தமாக எழுதிய நாடகங்கள் இருந்தன.

பயணத்தில் என்ன நடந்தது?

1816 ஏப்ரல் 25-ம் தேதி டோவர் துறைமுகத்திலிருந்து கப்பல் கிளம்பியது. பிறகு நெப்போலியனின் வண்டியைப் பார்த்துச் செய்யப்பட்ட பிரம்மாண்டமான குதிரை வண்டியில் பெல்ஜியம், வாட்டர்லூ போர்க்களம், ரைன் நதிக்கரை என்று பயணம்.

வழியில் நடந்ததாக ஒரு சம்பவம் சொல்வார்கள். எழுத்தைத் தவிர என்னைவிட நீங்கள் எதில் உசத்தி என்று போலிடோரி கேட்டாராம். பைரன் மூன்று விஷயங்களைச் சொன்னாராம். இந்த ஆற்றை நீந்திக் கடப்பேன், துப்பாக்கியால் சுட்டு மெழுகுவத்தியை அணைப்பேன், நான் எழுதிய கவிதை ஒரே நாளில் ஆயிரக்கணக்கில் விற்றது. கேட்டவருக்கு எப்படி இருந்திருக்கும்?

நியாயமாகப் பார்த்தால் போலிடோரியும் லேசுப்பட்ட ஆள் இல்லை. முன்கோபம் அதிகம். சின்ன கிண்டலுக்கும் முகம் சுருங்கிவிடும். தன்னை எல்லோரும் சமமாக நடத்த வேண்டும் என்று எதிர்பார்த்தார். ஆனால் பெண் பிள்ளைகளின் பெயர் மாதிரி ‘பாலி டாலி’ என்று பட்டப்பெயர் வைத்துத்தான் பைரன் அவரைக் கிண்டல் செய்தார்.

மே மாதக் கடைசியில் ஜெனீவா வந்து சேர்ந்தார்கள். விடுதிப் பதிவேட்டில் தன் வயதை 100 என்று எழுதினார் பைரன். உண்மையில் அவருக்கு அப்போது 28. பயணக் களைப்பில் செய்த விளையாட்டுதான். ஆனால் பக்கத்தில் நின்ற டாக்டர் பின்னாளில் எழுதப் போவது வயதே ஆகாத ஒரு பிரபுவைப் பற்றி.

கோடையே வராத ஆண்டு

ஜெனீவா ஏரிக்கரையில் வில்லா டியோடாடி என்ற மாளிகையை பைரன் வாடகைக்கு எடுத்தார். பக்கத்திலேயே இன்னொரு வீட்டில் கவிஞர் பெர்சி ஷெல்லி, அவருடைய காதலி மேரி காட்வின், மேரியின் மாற்றாந்தாய் மகள் கிளேர் கிளேர்மாண்ட் மூவரும் தங்கியிருந்தார்கள். இந்த மேரிதான் பின்னாளில் மேரி ஷெல்லி. அப்போது வயது 18.

1815 ஏப்ரலில் இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை வெடித்திருந்தது. அது வானில் கக்கிய பொருட்கள் சூரிய ஒளியை மறைத்ததால் அடுத்த ஆண்டு ஐரோப்பாவில் கோடையே வரவில்லை. ஜூன் மாதத்தில் குளிர், விடாத மழை, இடி, மின்னல். ஐந்து பேரும் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்தார்கள்.

பொழுது போக ஜெர்மன் பேய்க்கதைகளின் பிரெஞ்சு மொழிபெயர்ப்பு ஒன்றைப் படித்தார்கள். நாம ஆளுக்கொரு பேய்க்கதை எழுதினால் என்ன என்று பைரன் ஆரம்பித்தார். அதிலிருந்து பிறந்ததுதான் மேரியின் ‘ஃபிராங்கன்ஸ்டைன்’. இது பலருக்கும் தெரிந்த கதை.

சரி, அந்த இரவுகளில் டாக்டர் எங்கே இருந்தார்?

இங்கேதான் விஷயம் சுவாரஸ்யமாகிறது.

15 ஆண்டுகள் கழித்து, 1831-ல், ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ புதிய பதிப்புக்கு மேரி ஒரு முன்னுரை எழுதினார். அதில் போலிடோரி பரிதாபத்துக்குரிய ஆளாக வருகிறார். சாவித்துவாரம் வழியாக எதையோ எட்டிப் பார்த்ததால் தலை மண்டையோடாகிப்போன ஒரு பெண்ணைப் பற்றி ஏதோ எழுத முயன்று, எப்படி முடிப்பது என்று தெரியாமல் விழித்தார் என்பது மேரியின் நினைவு. உயிர் எப்படி உண்டாகிறது என்ற பெரிய விவாதத்தை நடத்தியவர்கள் பைரனும் ஷெல்லியும் என்கிறார். தான் ஓரமாக உட்கார்ந்து கேட்டதாகவும், அந்தப் பேச்சுதான் தன் கதைக்குப் பொறி என்றும் சொல்கிறார்.

ஆனால் அந்த நாட்களிலேயே எழுதப்பட்ட போலிடோரியின் நாட்குறிப்பு வேறு மாதிரி இருக்கிறது. ஜூன் 15-ம் தேதிக் குறிப்பில், மனிதன் வெறும் ஒரு கருவிதானா என்பது போன்ற விஷயங்களைப் பற்றித் தானும் ஷெல்லியும் பேசியதாக எழுதியிருக்கிறார். ஓர் ஆண்டுக்கு முன்தான் மருத்துவம் படித்து முடித்தவர் அவர். உயிரையும் உடம்பையும் பற்றி அந்த வீட்டில் முறையாகப் படித்த ஒரே ஆள் அவர்தான். ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ பொறியில் டாக்டருக்கும் பங்கு இருந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் சிலர் கருத இதுதான் காரணம்.

மேரி பொய் சொன்னாரா? அப்படிச் சொல்லிவிட முடியாது. 15 வருஷம் கழித்து நினைத்துப் பார்க்கும்போது பெரிய பேச்சு என்றால் பெரிய ஆட்கள்தான் பேசியிருப்பார்கள் என்று நினைவே மாற்றி எழுதிக்கொள்ளும். அப்போது ஓரத்தில் இருந்தவர்தான் முதலில் காணாமல் போவார்.

ஜூன் 18 இரவு நடந்தது இன்னொன்று. கோல்ரிட்ஜின் ஒரு திகில் கவிதையை பைரன் சொல்லிக்கொண்டிருந்தபோது, ஷெல்லி திடீரென்று அலறிக்கொண்டு மெழுகுவத்தியோடு அறையைவிட்டு ஓடினார். முகத்தில் தண்ணீர் அடித்து, ஈதர் கொடுத்து அவரை நிதானத்துக்குக் கொண்டுவந்தவர் போலிடோரி. எல்லோரும் பயந்துகொண்டிருந்தபோது, அவர் மட்டும் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்.

அதே நாட்களில் டாக்டருக்குக் கால் சுளுக்கியது. மழையில் மேரி மேட்டில் ஏறி வருவதைப் பார்த்த பைரன், மரியாதை தெரிந்த ஆம்பளை என்றால் குதித்துப் போய் கை கொடுக்க வேண்டியதுதானே என்று உசுப்பிவிட்டார். போலிடோரியும் குதித்தார். பைரன்தான் அவரை உள்ளே தூக்கிக்கொண்டுபோய்ப் படுக்க வைத்து, தலையணையும் எடுத்துவந்தார். இவ்வளவு இரக்கம் உங்களுக்கு உண்டு என்று நான் நினைக்கவே இல்லை என்று டாக்டர் சொன்னதாகச் செய்தி. அந்த உறவை இந்த ஒரு சம்பவம் மொத்தமாகச் சொல்லிவிடுகிறது. விழச் செய்பவரும் அவரே, தாங்குபவரும் அவரே.

வேலை போனது எப்படி?

ஐந்து மாதம்தான். உரசல் அதிகமாகி, செப்டம்பர் 1816-ல் பைரன் அவரை வேலையிலிருந்து அனுப்பிவிட்டார். 21 வயது போலிடோரி ஆல்ப்ஸ் மலையைக் கடந்து, நடந்தே இத்தாலிக்குப் போனார்.

மிலான் நகரின் லா ஸ்கலா அரங்கில் புதுச் சிக்கல். முன்னால் நின்ற ஆஸ்திரிய ராணுவ அதிகாரியின் பெரிய தொப்பி மேடையை மறைத்தது. கழற்றச் சொன்னார். வாக்குவாதம் முற்றி, காவலில் வைக்கப்பட்டார். அப்போது அதே ஊரில் இருந்த பைரன்தான் வந்து வெளியே எடுத்தார். ஆனாலும் ஊரைவிட்டுப் போகச் சொல்லி உத்தரவு வந்துவிட்டது.

1817-ல் இங்கிலாந்து திரும்பி நார்விச் நகரில் மருத்துவம் பார்க்க ஆரம்பித்தார். அந்த ஆண்டே ஒரு வண்டி விபத்தில் தலையில் பலத்த அடி. இதற்கிடையில் தான் எழுதிய நாடகத்தை பதிப்பாளர் மரேயிடம் கொடுத்திருந்தார். மனம் நோகாமல் எப்படி மறுப்பது என்று தெரியாமல் மரே பைரனிடம் கேட்க, அவர் அந்த மறுப்புக் கடிதத்தையே கேலிக் கவிதையாக எழுதி அனுப்பினார். ஒருவருடைய பல நாள் உழைப்பு, இன்னொருவருக்கு அரை மணி நேரச் சிரிப்பு.

‘தி வேம்பயர்’ கதையில் என்ன இருக்கிறது?

ஜெனீவாவில் அந்தப் பேய்க்கதைப் போட்டிக்காக பைரன் ஒரு கதையை ஆரம்பித்து, சில பக்கங்களிலேயே விட்டுவிட்டார். ஒரு மர்மமான பிரபுவும் ஓர் இளைஞனும் கிழக்கே பயணம் போகிறார்கள். அங்கே பிரபு சாகும்போது தன் மரணத்தை யாரிடமும் சொல்லக் கூடாது என்று இளைஞனிடம் சத்தியம் வாங்குகிறார். அவ்வளவுதான், கதை அங்கேயே நின்றுவிட்டது.

இதில் எதையாவது செய்ய முடியுமா என்று ஜெனீவாவில் இருந்த ஒரு சீமாட்டி கேட்க, போலிடோரி சில காலைப் பொழுதுகளில் அதைத் தன் கதையாக எழுதினார்.

அதில் லார்ட் ரூத்வென் என்று ஒரு பிரபு. லண்டன் விருந்துகளில் எல்லோரையும் கவர்பவர். கண்ணில் மட்டும் உயிர் இருக்காது. அப்பா அம்மா இல்லாத பணக்கார இளைஞன் ஆப்ரி அவரைப் பார்த்து மயங்கி, அவரோடு ஊர்சுற்றக் கிளம்புகிறான். போகிற இடமெல்லாம் ரூத்வென் தொட்டவர்கள் அழிவதைப் பார்த்து ரோமில் அவரைப் பிரிகிறான். கிரேக்க நாட்டில் அயாந்தி என்ற பெண்ணை நேசிக்கிறான். அவளோ ஒரு காட்டேரியால் கொல்லப்படுகிறாள். துக்கத்தில் காய்ச்சலில் விழுந்தவனைக் கவனித்துக்கொள்ள வருவது யார்? அதே ரூத்வென்.

பிறகு வழிப்பறிக் கொள்ளையர்கள் சுட்டதில் ரூத்வென் சாகிறார். சாகும் முன், தன் மரணத்தைப் பற்றியும் தன்னைப் பற்றி அறிந்ததைப் பற்றியும் ஓர் ஆண்டும் ஒரு நாளும் யாரிடமும் பேசுவதில்லை என்று ஆப்ரியிடம் சத்தியம் வாங்கிக்கொள்கிறார். நிலா வெளிச்சத்தில் கிடத்தப்பட்ட உடல் மறுநாள் காணவில்லை. லண்டன் திரும்பினால், விருந்தில் உயிரோடு நிற்கிறார் ரூத்வென்! காதருகே வந்து சத்தியத்தை நினைவுபடுத்துகிறார். அடுத்து அவர் கைபிடிக்கப் போவது ஆப்ரியின் தங்கையை.

சொன்னால் சத்தியம் போகும். சொல்லாவிட்டால் தங்கை போவாள். ஆப்ரி புத்தி பேதலித்துப் போகிறான். கெடு முடிந்து அவன் வாய் திறக்கும்போது நேரம் கடந்துவிடுகிறது. ஆப்ரியும் சாகிறான், தங்கையும் சாகிறாள். காட்டேரி தப்பிப் போய்விடுகிறது. கதை அப்படியே முடிகிறது.

அதற்கு முன் காட்டேரி எப்படி இருந்தது?

கிழக்கு ஐரோப்பிய கிராமங்களில் காட்டேரி நம்பிக்கை முன்பே உண்டு. 1720, 30-களில் செர்பியாவிலிருந்து வந்த அரசாங்க அறிக்கைகள் ஐரோப்பியப் பத்திரிகைகளில் பரபரப்பாயின. ஆனால் அந்தக் காட்டேரி ஒரு கிராமத்து ஆள். உப்பிய உடம்பு, சிவந்த முகம். புதைகுழியிலிருந்து எழுந்து வந்து சொந்த ஊர்க்காரர்களையும் உறவுகளையும் பிடிக்கும். விருந்துக்கு யாரும் அழைக்க மாட்டார்கள்!

போலிடோரி செய்த மாற்றம் இதுதான். காட்டேரியைக் குழியிலிருந்து எழுப்பி, வரவேற்பறையில் உட்கார வைத்தார். பட்டம், பணம், நாகரிகம் எல்லாம் கொடுத்தார். இனி அது கதவை உடைத்துக்கொண்டு வர வேண்டியதில்லை. நாமே கதவைத் திறந்து, உட்காருங்கள் என்போம்.

இந்த யோசனை அவருக்குப் புத்தகத்திலிருந்து வந்ததா என்றால், அவர் அதை நேரிலேயே பார்த்திருந்தார். பக்கத்தில் வருகிறவர்களின் நேரம், பணம், மனசு எல்லாவற்றையும் உறிஞ்சிக்கொண்டு, தான் மட்டும் மின்னிக்கொண்டிருக்கும் ஒரு பெரிய மனிதரோடு ஐந்து மாதம் வாழ்ந்தவர் அவர். ரூத்வென் என்ற பெயரும் தற்செயல் இல்லை. பைரனின் முன்னாள் காதலி கரோலின் லாம்ப் 1816-ல் எழுதிய ‘கிளெனார்வன்’ நாவலில், பைரனை மனதில் வைத்துப் படைத்த பாத்திரத்துக்கு வைத்த பெயர் அது.

அப்படியென்றால் ஆப்ரி யார்? சொல்லவே வேண்டாம்.

பெயர் மாறியது எப்படி?

ஜெனீவாவில் எழுதிய கையெழுத்துப் பிரதியை போலிடோரி அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டார். அது எப்படியோ லண்டன் பதிப்பாளர் ஹென்றி கோல்பர்ன் கைக்கு வந்தது. 1819 ஏப்ரல் 1-ம் தேதி, அவருடைய ‘நியூ மன்த்லி மேகசின்’ இதழில் கதை வெளியானது. லார்ட் பைரன் எழுதிய கதை என்ற அறிவிப்போடு!

பைரன் பெயர் போட்டால் விற்கும். போலிடோரி பெயர் போட்டால் யார் வாங்குவார்கள்? கணக்கு அவ்வளவுதான்.

மறுநாளே போலிடோரி பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். கதைக்கான அடித்தளம் பைரனுடையது, ஆனால் எழுதியது நான் என்று தெளிவாகச் சொன்னார். ஆத்திரத்திலும் அடுத்தவருக்கு உரியதை மறைக்கவில்லை. ஆனால் பலன் இல்லை. கதை புத்தகமாகவும் வந்து பரபரவென்று விற்றது. அவருக்குக் கிடைத்தது 30 பவுண்டு.

வேடிக்கை என்னவென்றால், கதையை எழுதியதற்குக் கிடைத்ததைவிட, பைரனைப் பற்றிக் குறிப்பெடுக்க அவருக்குப் பேசப்பட்ட தொகை பதினாறு மடங்குக்கும் மேல்.

அப்போ பைரன் கதையைத் திருடினாரா?

இல்லை. இதைத் தெளிவாகச் சொல்லியே ஆக வேண்டும். வெனிஸில் இருந்த பைரன், அந்தக் கதை தன்னுடையது இல்லை என்று எழுதி அனுப்பினார். தனக்குக் காட்டேரிகளையே பிடிக்காது என்றும் கிண்டலாகச் சொன்னார். தான் பாதியில் விட்ட அந்தச் சில பக்கங்களையும் 1819-லேயே அச்சில் கொண்டுவந்தார். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் யார் எதை எழுதினார்கள் என்று தெரிந்துவிடும்.

ஆனால் யாரும் கேட்கத் தயாராக இல்லை. பைரன் 1813-ல் எழுதிய ஒரு நெடுங்கவிதையில் காட்டேரி சாபம் ஒன்று வந்திருந்ததால், இதுவும் அவருடையதுதான் என்று வாசகர்கள் நம்பினார்கள். ஜெர்மன் மேதை கதே, பைரன் எழுதியதிலேயே இதுதான் சிறந்தது என்று கருதியதாகச் சொல்வார்கள். எழுதினேன் என்றவரையும் நம்பவில்லை, எழுதவில்லை என்றவரையும் நம்பவில்லை.

இன்னொரு கொடுமையும் நடந்தது. பைரன் பெயரைப் பயன்படுத்திக்கொண்டு பணம் பார்த்தவர் என்ற பழி போலிடோரி மேலேயே விழுந்தது. தன்னிடமிருந்து போன பொருளுக்கே திருட்டுப் பட்டம்.

கடைசி இரண்டு ஆண்டுகள்

அதே 1819-ல் ‘எர்னெஸ்டஸ் பெர்ச்டோல்ட்’ என்ற நாவலையும், தன் நாடகத்தையும் கவிதைகளையும் சொந்தப் பெயரில் வெளியிட்டார். எதுவும் எடுபடவில்லை. மருத்துவத்தைக் கைவிட்டார். 1820-ல் தான் படித்த ஆம்பிள்ஃபோர்த் மடத்துக்கே எழுதி, துறவியாகச் சேர முடியுமா என்று கேட்டார். மறுத்துவிட்டார்கள். அவர் வெளியிட்டிருந்த புத்தகங்களும் அதற்கு ஒரு காரணம்.

பிறகு சட்டம் படிக்கப் போனார். அங்கே அவர் பதிந்த பெயரைக் கவனியுங்கள். போலிடோரி இல்லை, அம்மாவின் குடும்பப் பெயரான பியர்ஸ். அச்சில் ஒருமுறை பறிபோன பெயரை, இந்த முறை அவரே கழற்றி வைத்துவிட்டார்.

சூதாட்டப் பழக்கம், தீர்க்க முடியாத கடன். 1821 ஆகஸ்ட் 24-ம் தேதி, லண்டன் கிரேட் பல்ட்னி தெருவில் இருந்த அப்பாவின் வீட்டில் இறந்துகிடந்தார். தானே உயிரை மாய்த்துக்கொண்டார் என்றே குடும்பத்தினர் நம்பினார்கள். விசாரணையில் இயற்கை மரணம் என்று தீர்ப்பானது. தற்கொலை அன்று சட்டப்படி குற்றம், சொத்துப் பறிமுதலும் அவமானமான அடக்கமும் தண்டனை. அந்தக் குடும்பத்தை அதிலிருந்து காத்தது அந்தத் தீர்ப்பு.

26-வது பிறந்தநாளுக்கு இரண்டே வாரம் இருந்தது. லண்டனில் டாக்டராக போர்டு மாட்ட வேண்டிய அதே வயது.

அதன் பிறகு என்ன ஆச்சு?

கதை நிற்கவில்லை. 1820-லேயே பாரிஸ் மேடையில் ரூத்வென் நாடகமானார். அதே ஆண்டு லண்டன் மேடைக்கும் வந்தார். 1828-ல் ஜெர்மனியில் ஓபராவானார். பிறகு ‘கார்மில்லா’, ‘டிராகுலா’, சினிமா என்று வரிசை நீண்டது. கனவானாக வரும் ஒவ்வொரு காட்டேரிக்கும் ரூத்வென்தான் மூதாதை.

போலிடோரியின் நாட்குறிப்பை அவருடைய தங்கை சார்லட் பிரதியெடுத்தார். கண்ணியமாக இல்லை என்று தோன்றிய பகுதிகளை விட்டுவிட்டு, மூலத்தை அழித்துவிட்டார். இன்னொரு தங்கை ஃபிரான்சஸின் பிள்ளைகள்தான் கவிஞர் கிறிஸ்டினா ரோசெட்டியும் ஓவியர் டாண்டே கேப்ரியல் ரோசெட்டியும். மாமா இறந்த பிறகு பிறந்தவர்கள். அவர்களுடைய சகோதரர் வில்லியம் மைக்கேல் ரோசெட்டி, மிஞ்சிய நாட்குறிப்பை 1911-ல் அச்சிட்டார். ஜூன் 15 இரவு ஷெல்லியோடு பேசியது யார் என்று உலகத்துக்குத் தெரிந்தது அப்போதுதான்.

1998-ல் கிரேட் பல்ட்னி தெரு வீட்டில் ஒரு நினைவுப் பலகை வைத்தார்கள். அதில் அவர் பெயரும், அவர் எழுதிய கதையின் பெயரும் சேர்ந்தே இருக்கின்றன.

அடுத்த முறை ஒரு காட்டேரிப் படம் பார்க்கும்போது, கோட்டு போட்டவரை மட்டும் பார்க்காதீர்கள். அவருக்குப் பக்கத்தில், பெட்டியைத் தூக்கிக்கொண்டோ குறிப்பெடுத்துக்கொண்டோ ஓர் இளைஞன் நிற்பான். அவன் பெயர் என்ன என்றும் கேட்டுப் பாருங்கள்.

(மன அழுத்தமோ தற்கொலை எண்ணமோ ஏற்பட்டால் தனியாகத் தவிக்க வேண்டாம். தமிழக அரசின் 104, மத்திய அரசின் டெலி மானஸ் 14416 ஆகிய எண்களை அழைத்துப் பேசலாம்.)